ஜப்பான் தீவுகளில் கதிர் கொய்தல் எப்போது தொடங்கியது? கல் கத்தி, மணித்தடம், கார்பன் காலக்கணிப்பு

பொழில்வாணன்:

ஜப்பானின் ஜோமோன் காலம் வேட்டை, மீன்பிடி, காட்டுக்காய் பொறுக்கல் என்றும், அதற்குப் பின் வந்த யாயோய் காலம் நெல் சாகுபடி என்றும் பாடப்புத்தகங்கள் கோடு போட்டுப் பிரிக்கின்றன. இந்த இழையில் பேச நினைப்பது விளைச்சலைப் பற்றி மட்டும். வயல் இருந்தது என்பதற்குத் தனிச் சான்று, தானியம் இருந்தது என்பதற்குத் தனிச் சான்று. கதிரை மனிதக் கை அறுத்தது என்பதற்கு எது சான்று?

தொடங்கி வைக்க, ஐயமில்லாதவற்றைச் சொல்கிறேன். கியூஷூவின் வடக்கே ஃபுகுவோகா நகரிலுள்ள இதாசுகேயில் 1978-இல் நெல்வயலும் அதில் பதிந்த மனிதக் காலடிகளும் கிடைத்தன. அடுத்து 1980–81-இல் சாகா மாவட்டம் கராட்சுவிலுள்ள நபதாகேயில் வரப்பு கட்டிய வயல், கரிந்த அரிசி, மர மண்வெட்டி, துளையிட்ட கல் கத்தி எல்லாம் சேர்ந்து வந்தன. இரண்டு இடத்திலும் அடுக்கிலிருந்த பானைகள் ஜோமோனின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த, வாய்விளிம்பில் மேடுப்பட்டை ஒட்டிய வகை. நெல் வந்த பிறகும் பானை பழைய மரபில்தான் இருந்தது. இதற்கு முந்தைய சான்று எதையெல்லாம் நம்பலாம், எதை நம்பக்கூடாது? கல்லாயுதம் தெரிந்தவர்கள் முதலில் பேசினால் நல்லது.

கல்தச்சன்:

நபதாகேயின் கல் கத்தியிலிருந்து தொடங்குவோம். ஜப்பானில் இதற்கு இஷிபோச்சோ என்று பெயர். பொதுவாக 10 முதல் 15 செ.மீ. நீளம், 4–5 செ.மீ. அகலம், தடிமன் 1 செ.மீ.க்கும் குறைவு. அரைநிலா வடிவம் அதிகம், முக்கோணமும் உண்டு. முதுகுப் பக்கம் அருகருகே இரண்டு துளை. அதில் கயிறு கோத்து வளையமாக்கி விரலை நுழைத்துக்கொள்வார்கள். கத்தி உள்ளங்கையில் படுத்திருக்கும். கட்டைவிரலால் ஒரு கதிரின் கழுத்தைக் கத்தியின் முகத்தோடு அழுத்தி மணிக்கட்டைத் திருப்பினால் கதிர் துண்டாகி வரும். அரிவாள் மாதிரி இழுத்து வெட்டும் கருவி இது இல்லை.

செய்முறை தெரிவது முடிக்காமல் விட்ட துண்டுகளால்தான். ஃபுகுவோகா மாவட்டம் ஈசுகாவிலுள்ள ததேஇவா இதற்குப் பேர்போன பட்டறை ஊர். நடு யாயோய் காலத்தில் பக்கத்து கசாகி மலையின் ஊதாச் சாயலுள்ள எரிமலைச் சாம்பற்கல்லை எடுத்து அங்கே கத்தி செய்து, வடக்குக் கியூஷூ முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். தட்டையாகப் பிளந்த கல்லை ஓரம் செதுக்கி வடிவுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. இரண்டு முகத்தையும் மணற்கல்லில் தேய்த்துச் சமமாக்குவது அடுத்தது. பிறகு துளை. இரு முகத்திலிருந்தும் துளைப்பதால் நடுவில் ஒடுங்கி, குறுக்கு வெட்டில் உடுக்கை வடிவம் தெரியும். கூர் வைப்பது கடைசி வேலை.

உடைவது பெரும்பாலும் துளை வரியில்தான். துளையிடும்போதே இரண்டாகப் போனவை பட்டறையில் கிடக்கும். வயலில் கிடைப்பவற்றில் வேறு கதை: தீட்டித் தீட்டிக் கூர் விளிம்பு மேலேறித் துளையை நெருங்கியிருக்கும், கத்தி பாதி அகலத்துக்கு வந்திருக்கும். நீண்ட நாள் கையில் இருந்ததை அந்தத் தேய்மானமே காட்டிவிடும்.

கல்லுக்கேற்ப வடிவும் மாறும். செத்தோ உள்கடலைச் சுற்றி சனுகாய்ட் என்ற கண்ணாடித்தன்மையுள்ள எரிமலைக் கல் தாராளமாகக் கிடைக்கும். அங்கே தேய்க்கவே இல்லை, செதுக்கியே கத்தி செய்தார்கள். துளைக்குப் பதில் இரு ஓரத்திலும் பள்ளம் வெட்டிக் கயிற்றைச் சுற்றினார்கள். கின்கி (கியோட்டோ, ஒசாகா வட்டாரம்) பக்கம் பச்சைப் படலப்பாறை. இவை ஒன்றுக்கொன்று முன்பின் காலம் என்று நினைத்துவிட வேண்டாம், பல இடத்தில் வேறுபாடு கல்லினால் மட்டும்தான்.

நுண்வடு:

கல்தச்சன் அண்ணா சொன்ன கத்தியை "அறுவடைக் கத்தி" என்று அழைக்க வடிவம் மட்டும் போதாது. தோல் சுரண்டவும் இதே வடிவம் பயன்படலாம். அதனால்தான் விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள்.

புல்லினத் தண்டுகளில் சிலிக்கா உண்டு. திரும்பத் திரும்ப அறுத்தால் கல்லின் விளிம்பில் ஒரு பளபளப்பு ஏறும். 1980-களின் தொடக்கத்தில் தோஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானியக் கற்களில் சோதனை செய்து பளபளப்புகளை வகைப்படுத்தினார்கள். அதில் ஏ வகை என்பது புல்லினத்துக்கே உரியது: மிகப் பிரகாசம், மிருதுவான மேற்பரப்பு, மேடுகள் உருண்டு ஒன்றோடொன்று இணைந்து பரவியிருக்கும். மரம், எலும்பு, தோல் எல்லாம் வேறு வடிவத்தில் ஏறும்.

பார்க்கும் முறை: மேலிருந்து ஒளி விழும் உலோகவியல் மைக்ரோஸ்கோப்பில் 100 முதல் 500 மடங்கு வரை. அதற்கு முன் மிதமான சோப்புநீர், பிறகு ஆல்கஹால் துடைப்பு. கைரேகை எண்ணெய் இருந்தால் அதுவே பளபளப்பாகத் தெரியும். கத்தியின் இரு முகத்தையும் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் பளபளப்பின் அளவைக் குறித்து வரைபடமாக்க வேண்டும். ஓரிடத்தில் மின்னுகிறது என்று படம் எடுத்துப் போட்டால் அது சான்றாகாது.

வரைபடம்தான் கையின் அசைவைச் சொல்கிறது. கட்டைவிரல் கதிரை அழுத்தும் முகத்தில் பளபளப்பு விளிம்பிலிருந்து துளை வரை உள்ளே ஏறியிருக்கும், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. மறுமுகத்தில் விளிம்போடு மெல்லிய பட்டையாக நிற்கும். அறுக்கும் கருவியை இழுத்திருந்தால் இரு முகத்திலும் விளிம்புக்கு இணையாகச் சமமாக ஓடியிருக்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் "கதிரை ஒவ்வொன்றாகக் கொய்தார்கள்" என்பது ஊகத்திலிருந்து சான்றாக மாறியது.

கெட்டுப்போவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் நகர்ந்த கல்லில் மண்பளபளப்பு ஏறும், ஆனால் அது விளிம்பை மதிக்காது, முதுகிலும் உடைந்த முகத்திலும் சமமாகப் படரும். அகழ்வில் கம்பித் தூரிகையால் தேய்த்தவை, எண் எழுதி வார்னிஷ் பூசியவை, ஒட்டுப்பசை போட்டவை எல்லாம் பாதி பயனற்றுப் போகும். கடைசியாகத் தீட்டியபோது பழைய பளபளப்பு அழிந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பளபளப்பு இல்லாத கூர்மையான கத்தி பயன்படாத கத்தி என்று பொருளில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன்: ஏ வகைப் பளபளப்பு நெல்லா, தினையா, நாணலா என்று பிரித்துக் காட்டாது. இனம் அறிய தானியமே வேண்டும்.

கடற்காற்று:

எல்லாம் சரி. ஆனால் யாயோய்க்கு முன் எதுவுமே இல்லை என்பது போலப் போகிறதே. ஒகாயாமாவில் அசானேபானா சிப்பிமேட்டில் சுமார் 6,000 ஆண்டுப் பழைய அடுக்கில் நெல் பைட்டோலித் (நெற்பயிரின் சிலிக்காத் துகள்) கிடைத்ததாக 1999-இல் பெரிய செய்தி. அதே மாவட்டத்தில் மினாமிமிசோதேயில் சுமார் 3,500 ஆண்டுப் பானையோட்டின் களிமண்ணுக்குள்ளேயே நெல் பைட்டோலித், கூடவே நெல்லுமித் தடம். அரிசி வண்டின் தடமும் ஜோமோன் பானைகளில் கிடைக்கிறது. வண்டு இருந்தால் சேமித்த தானியம் இருந்தது என்றுதானே பொருள்? இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட முடியுமா?

தாழிமண்:

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம் கடற்காற்று.

பைட்டோலித் என்பது தாவரச் செல்லில் படிந்த சிலிக்காத் துகள். நெல்லில் வயல் ஆய்வுக்குப் பயன்படுவது இலையிலுள்ள விசிறி வடிவத் துகள். மைக்ரோமீட்டர் கணக்கில் சில பத்துகள்தான் அதன் அளவு. ஹிரோஷி ஃபுஜிவாரா இதை எண்ணும் முறையை வகுத்தார்: எடை தெரிந்த உலர் மண்ணோடு எண்ணிக்கை தெரிந்த கண்ணாடி மணிகளைக் கலந்து, மைக்ரோஸ்கோப்பில் இரண்டையும் எண்ணி விகிதம் பார்ப்பது. ஒரு கிராம் மண்ணில் 5,000-க்கு மேல் இருந்தால் அங்கே நெல்வயல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது நடைமுறை அளவுகோல். புதைந்த வயலைத் தேடித் தோண்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. கதிரை மட்டும் கொய்து வைக்கோலை வயலிலேயே விடுவதால் இலைத் துகள் அங்கேயே சேர்கிறது.

ஆனால் சிப்பிமேட்டில் சில துகள்கள் கிடைப்பது வேறு விஷயம். இவ்வளவு சிறிய பொருள் மண்புழு வழியிலும், வேர்த்துளையிலும், இறங்கும் நீரிலும் கீழே போகும். மேலே இரண்டாயிரம் ஆண்டு நெல் விளைந்த நாட்டில் கீழடுக்கில் நாலைந்து துகள் வருவது வியப்பில்லை. அதோடு அந்தத் துகளை நேரடியாகக் காலக்கணிப்பு செய்வது எளிதில்லை. அடுக்கின் வயதைத் துகளின் வயதாக எடுத்துக்கொண்டதுதான் 6,000 என்ற எண். அந்தக் காலத்து வயல் இல்லை, கத்தி இல்லை, நேரடிக் காலக்கணிப்பு பெற்ற மணியும் இல்லை.

இன்னொன்று: இலைத்துகள் இலையைத்தான் சொல்கிறது. விளைச்சலைப் பற்றிக் கேட்டால் உமியின் இரட்டைமுகட்டுத் துகளைத் தேட வேண்டும். அது குத்திய இடத்திலும் சேமித்த இடத்திலும் குவியும்.

வண்டுக்கு வருவோம். குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிரோகி ஒபாதா குழு தனேகாஷிமா தீவின் சன்போன்மட்சுவில் சுமார் 10,500 ஆண்டுப் பழைய பானையில் வண்டுத் தடம் கண்டது. இது அரிசி வண்டின் நெருங்கிய உறவான மக்காச்சோள வண்டு இனம். அந்தக் காலத்தில் அங்கே நெல் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டு தின்றது ஓக் கொட்டையையும் செஸ்ட்நட்டையும். ஹொக்கைடோவின் ததேசாகியில் ஒரே பானையின் களிமண்ணில் சுமார் 500 வண்டுகள் கலந்திருந்ததாக எக்ஸ்-ரே சி.டி. வழியே கணித்தார்கள். நெல் போய்ச்சேராத குளிர் நாடு அது. ஆகவே வண்டு சேமிப்புக்குச் சாட்சி, நெல்லுக்குச் சாட்சி இல்லை. பெரிய அளவில் உணவைச் சேர்த்துவைத்த சமூகம் ஜோமோன் என்பதற்கு இது அருமையான சான்று. அதை நெல்லோடு முடிச்சுப் போட்டதால் அதன் உண்மையான மதிப்பு பல ஆண்டு மறைந்திருந்தது.

கடற்காற்று:

வண்டு பற்றிச் சொன்னது சரி. ஆனால் மினாமிமிசோதேயை விட்டுவிட்டீர்கள். சுட்ட பானையின் களிமண்ணுக்குள்ளிருக்கும் துகளை மண்புழு கொண்டுபோக முடியாது.

தாழிமண்:

முடியாதுதான். அதனால்தான் அந்தச் சான்று மற்றவற்றைவிட எடை கூடியது. எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஓட்டைத் தூளாக்கித் துகள் பிரிக்கும்போது, ஓட்டின் நுண்துளைகளில் ஊறிய மண்ணை முழுமையாக நீக்கினார்களா என்பது ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்து, உமித்தடம் உள்ள ஓடு சிறியது, அலங்காரம் இல்லாதது. அதன் காலவகை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜோமோன் பின்பகுதியின் ஆயிரக்கணக்கான ஓடுகளைத் தேடியும் நம்பகமான நெல்தடம் கூட்டமாக வரவில்லை. மேடுப்பட்டைப் பானைக் கட்டம் வந்ததும் திடீரெனப் பல ஊர்களில் ஒரே சமயம் வருகிறது. இந்தத் திடீர்மையைத்தான் விளக்கியாக வேண்டும்.

வரகுமணி:

அந்தத் "தேடியும்" என்பது எப்படி நடக்கிறது என்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடந்த முப்பது ஆண்டில் இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது இந்த முறைதான்.

பானை வனையும்போது களிமண்ணில் தானியம் ஒட்டிக்கொள்ளும். சுடும்போது அது எரிந்துபோய்க் குழி மிஞ்சும். அந்தக் குழியில் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சிலிகோனைச் செலுத்தி அச்செடுத்து, ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ஜப்பானில் 1991-இல் இது அறிமுகமானது. கரிந்த மணி அடுக்கு விட்டு அடுக்கு நழுவும், குழி நழுவாது. பானை வனைந்த அன்றே மணி அங்கே இருந்தது என்பது உறுதி.

படிகள்: ஓட்டை மென்மையான தூரிகையாலும் நீராலும் கழுவி உலர்த்துதல். தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து உள்முகம், வெளிமுகம், உடைந்த விளிம்பு மூன்றையும் தேடுதல். குழிக்குள் சிலிகோன் ஒட்டாமலிருக்க அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் பிசினை மெல்லிசாகப் பூசுதல். ஊசியால் சிலிகோனை அடியிலிருந்து நிரப்புதல்; மேலிருந்து விட்டால் காற்றுக்குமிழி அகப்பட்டு, அதையே முளைக்கருக் குழி என்று மயங்க வாய்ப்புண்டு. இறுகியதும் எடுத்து, பிசினை அசிட்டோனில் கழுவி ஓட்டை மீட்டல்.

அடையாளம் காண்பதில்தான் அனுபவம் வேண்டும். நெல்லுமியில் வரிசையாகப் புடைத்த மணிமேடுகள் தெரியும், மறக்க முடியாத மேற்பரப்பு. தினையின் உமியில் சிறு காம்பு போன்ற புடைப்புகள் அடர்ந்திருக்கும். பனிவரகின் உமி வழவழப்பு. உமி நீங்கிய மணியாக இருந்தால் முளைக்கருவின் நீளம் பார்க்க வேண்டும்: தினையில் அது மணியின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஓடும், பனிவரகில் பாதியளவில் நிற்கும், குதிரைவாலியில் இன்னும் நீளும். உமியும் இல்லை, முளைக்கருவும் தெளிவில்லை என்றால் "புல்லின மணி" என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். அவசரமாகப் பெயர் வைத்தவை பல பிறகு பூச்சி முட்டையாகவும் கல்துகள் குழியாகவும் முடிந்திருக்கின்றன.

இந்த முறையில் மறுபரிசீலனை செய்தபோது பழைய "ஜோமோன் நெல்தடம்" பல விழுந்தன. நிலைத்து நிற்பவற்றில் மிகப் பழையது ஷிமானே மாவட்டத்து இதாயா 3 என்ற ஊரின் மேடுப்பட்டைப் பானைத் தடம். அந்தக் கட்டத்தில் நெல், தினை, பனிவரகு மூன்றும் தென்படுகின்றன. கிழக்கே போகப்போக நிலைமை மாறுகிறது. நாகானோ மலைப்பகுதியிலும் கான்தோவிலும் (டோக்கியோ வட்டாரம்) தினையும் பனிவரகும் குவிகின்றன, நெல் அரிது. ஜப்பானின் முதல் விளைச்சலை நெல்லை மட்டும் வைத்து எழுதுவது பாதிக் கதை.

மிதவை (மண்ணை நீரில் கலக்கி, மிதக்கும் கரிமணியை வலையில் பிடிப்பது) செய்யும் குழுக்களுக்கு ஒரு குறிப்பு: தினைமணி ஒன்றரை மி.மீ. அளவுதான், கரிந்தால் இன்னும் சுருங்கும். 2 மி.மீ. வலையில் சலித்தால் அத்தனையும் ஓடிப்போய், "இங்கே அரிசி மட்டும்தான் தின்றார்கள்" என்ற அறிக்கை மிஞ்சும். கடைசி வலை அரை மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, கால் மி.மீ. இன்னும் நல்லது.

பொழில்வாணன்:

காலம்? நெல் வந்தது கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்று சில நூல்கள், 10-ஆம் நூற்றாண்டு என்று சில.

மேடைவளைவு:

2003 மே மாதம் தேசிய ஜப்பானிய வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்ட முடிவுதான் காரணம். பானையில் ஒட்டிய கரியை ஏ.எம்.எஸ். (கார்பன் 14 அணுக்களையே நேரடியாக எண்ணும் காலக்கணிப்பு) முறையில் அளந்து, வடக்குக் கியூஷூவில் யாயோய் தொடக்கத்தைக் கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை இருந்ததைவிட ஏறத்தாழ 500 ஆண்டு முன்.

எதிர்ப்பு எழுந்தது நியாயமான காரணத்தால். கரி எங்கிருந்து வந்தது? வெளிப்புறக் கரி விறகின் புகை. பழைய மரத்தை எரித்தால் மரத்தின் வயது கூடும். உட்புறக் கரி உணவு. மீன், சிப்பி சமைத்திருந்தால் கடலில் தங்கிய பழைய கார்பன் கலந்து நூற்றுக்கணக்கான ஆண்டு முன்தள்ளும். கார்பன் 13 விகிதம் பார்த்து ஓரளவு வடிகட்டலாம். நெல், கொட்டை, மரம் எல்லாம் மைனஸ் 26-ஐ ஒட்டி நிற்கும். கடல் உணவு கலந்தால் எண் மேலேறும். தினையும் பனிவரகும் மைனஸ் 10, 12 பக்கம். ஆகவே எண் மேலேறியிருந்தால் அது மீனா தினையா என்று நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இதைவிடப் பெரிய தொல்லை அளவுத்திருத்த வளைகோடு, அதாவது கார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கோடு. ஏறத்தாழ கி.மு. 750 முதல் 400 வரை அது மேடை மாதிரி சமமாகக் கிடக்கிறது. அந்தக் காலத்துப் பொருள் எதை அளந்தாலும் ஒரே எண்தான் வரும், திருத்தினால் முந்நூறு ஆண்டு அகலத்தில் விரியும். யாயோய் முற்பகுதி சரியாக இந்த மேடைமேல் உட்கார்ந்திருப்பது துரதிர்ஷ்டம். பானை வகைகளின் வரிசையை வைத்து முன்பின் கட்டுப்படுத்தினால்தான் குறுகும்.

எனவே மிகச் சிறந்த மாதிரி ஒற்றை மணி. ஓராண்டில் விளைந்து முடிந்தது, கடல் கலப்பில்லை, பழைய மரச் சிக்கலில்லை. அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி, மிஞ்சிய கார்பன் ஒரு மில்லிகிராம் அளவு இருந்தால் அளக்கலாம். ஜோமோன் அடுக்கில் கிடைத்த பல கரிந்த மணிகளை இப்படி நேரடியாக அளந்தபோது அவை பிற்காலத்து மணிகள் என்று தெரிந்தது. எலிவளையும் கம்பக்குழியும் மேலே இருந்ததைக் கீழே இறக்கியிருக்கின்றன.

தொடக்கம் கி.மு. 10-ஆ 9-ஆ 8-ஆ என்ற சண்டை முடியவில்லை. ஆனால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்குத் திரும்பிப் போவாரில்லை.

செங்கழுநீர்:

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு நேர் ஒப்பு: பழனி அருகே பொருந்தலில் கா. ராஜன் குழு நான்குகால் சாடியில் எடுத்த சுமார் 2 கிலோ நெல்லை நேரடியாக அளந்து கி.மு. 490, 450 என்ற காலங்கள் வந்தன. சிவகளைத் தாழி நெல்லுக்குக் கி.மு. 1155 என 2021-இல் அறிவித்தார்கள். இரண்டிலும் அளந்தது மணியையே. மேடைவளைவு சொன்ன கி.மு. 750–400 மேடைக்குள்தான் பொருந்தல் நெல் விழுகிறது என்பதை அந்த எண்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். சிவகளை மணி அந்த மேடைக்கு வெளியே இருப்பதால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடற்காற்று:

நெல்லை விட்டுவிடுவோம். ஜோமோன் மக்கள் தாங்களாகவே ஏதாவது புல்மணியைக் கொய்திருக்க மாட்டார்களா?

வரகுமணி:

கொய்திருக்கிறார்கள் என்பதற்கு நல்ல வழக்கு வடக்கே இருக்கிறது. ஹொக்கைடோவின் தெற்கில் உசுஜிரி பி போன்ற ஊர்களில் கேரி கிராஃபோர்டு மிதவை முறையில் எடுத்த கரிந்த மணிகளில் குதிரைவாலி இனம் உண்டு. ஜோமோன் நடுப்பகுதியில் அந்த மணிகள் பருத்துக்கொண்டே போவதை அவர் சுட்டிக்காட்டினார். நம்மூர்க் குதிரைவாலி இந்தியக் கிளை. ஜப்பானியக் குதிரைவாலி தனியாக அங்கேயே பழக்கப்பட்டது என்பது பரவலான கருத்து. பருத்த மணியை மனிதத் தேர்வின் விளைவாகப் படிக்கலாம், வீட்டைச் சுற்றிய வளமண்ணில் தானாகப் பருத்ததாகவும் படிக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் நான் முதலாவதை "வலுவான சாத்தியம்" என்பதோடு நிறுத்துவேன்.

இதற்கென்று கத்தி இல்லை என்பது எதிர்வாதமாகாது. பழுத்த புல்மணியைக் கூடையில் தட்டி உதிர்க்கலாம், கையால் உருவலாம். அதில் எந்தக் கல்லும் பளபளக்காது. தட்டி உதிர்த்தால் உதிராத மணி செடியிலேயே நின்றுவிடும், அடுத்த ஆண்டு விதையாவது உதிர்ந்தவை. கொய்தால் நேர்மாறு: உதிராமல் கதிரில் ஒட்டியவை கைக்கு வரும், அவற்றிலிருந்தே விதை எடுப்பார்கள். கொய்யும் பழக்கம் வந்த பிறகுதான் உதிராத இனம் பெருகும். இந்தக் காரணத்தால் கத்தியின் வருகை பயிரையே மாற்றும் நிகழ்ச்சி.

கல்தச்சன்:

அதோடு சேர்த்து: ஏன் ஒவ்வொரு கதிராகக் கொய்தார்கள், தாளோடு அறுக்காமல்? அன்றைய வயலில் பல வகை நெல் கலந்து நின்றது. ஒரே வயலில் உயரமும் பழுக்கும் நாளும் வேறுபடும். மொத்தமாக அறுத்தால் பாதி பச்சை, மீதி உதிர்ந்தது. பழுத்ததைத் தேர்ந்து பல நடையில் கொய்வதே நட்டமில்லாத வழி. களையான புல் கதிரும் கைக்கு வராது.

நாராவின் கராகோவில் 1936–37 அகழ்வில் கதிர்க்கட்டுகளே கிடைத்தன, கழுத்துத் தாளோடு கட்டியவை. பளபளப்பிலிருந்து ஊகித்தது கண்ணெதிரே நின்ற இடம் அது. கதிராகவே சேமித்து, வேண்டியபோது உரலில் குத்தியிருக்கிறார்கள். சனுகி என்ற பழைய மாகாணத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும், வெண்கலத்தில் வார்த்த ஒலிமணியில் இருவர் எதிரெதிரே நின்று உலக்கை போடும் காட்சியும், தூண்மேல் நிற்கும் களஞ்சியமும் இருக்கின்றன. ஷிசுவோகாவின் தோரோவில் 1943-இல் போர்க்காலத் தொழிற்சாலை வேலையில் வெளிப்பட்ட ஊரில், களஞ்சியத் தூணில் எலி ஏறாமல் தடுக்கும் பலகைத்தட்டு மரமாகவே மிஞ்சியிருந்தது.

கல் கத்தி மறைவது யாயோய் பிற்பகுதியில். இரும்பு வருகிறது. முதலில் வந்த இரும்பும் கொய்யும் கத்திதான்: சிறு தகட்டின் இரு ஓரத்தை மடித்து மரப்பிடியில் பொருத்தியது. அரிவாளும் கூடவே வருகிறது, ஆனால் பழக்கம் ஒரே நாளில் மாறவில்லை. மரத்திலேயே செய்த கொய்கத்தியும் உண்டு. மரம் ஈரமண்ணில்தான் மிஞ்சும் என்பதால் எண்ணிக்கையில் கல்லோடு ஒப்பிடவே கூடாது. "கத்தி குறைந்தது, ஆகவே விளைச்சல் குறைந்தது" என்று எழுதியவர்களை இது பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

நுண்வடு:

பெரிய கல் கத்தி என்று இன்னொரு வகை, 20 செ.மீ.க்கு மேல் போகும். அதிலும் ஏ வகைப் பளபளப்பு உண்டு, ஆனால் பரவும் விதம் வேறு. விளிம்புக்குக் குறுக்கே அகலமாக ஏறியிருக்கும். கதிர் கொய்த பின் நிற்கும் தாளையும் களையையும் வெட்டப் பயன்பட்டது என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. ஒரே வயலில் இரண்டு கருவி, இரண்டு வேலை.

பொழில்வாணன்:

வட ஹொன்ஷூவில் அவோமோரி பக்கம் வயல் இருக்கிறதே, அங்கும் இந்தக் கத்திதானா?

தாழிமண்:

அங்கேதான் சிக்கல் சுவையானது. ஹிரோசாகியின் சுனாசாவாவில் யாயோய் முற்பகுதி வயல். இனாகாதாதேயின் தரேயானாகியில் நடு யாயோய் வயல் 656 பாத்தி, காலடிகளோடு. ஏறத்தாழ வட அகலக்கோடு 40 பாகையில் நெல். ஆனால் அந்த வட்டாரத்தில் துளையிட்ட கல் கத்தி கிட்டத்தட்டக் கிடைப்பதே இல்லை. ஆசியக் கண்டத்திலிருந்து வந்த மற்ற தேய்த்த கல்லாயுதங்களும் அப்படியே. நெல்லை எடுத்துக்கொண்டு கருவிகளை எடுத்துக்கொள்ளாத மக்கள். வயலும் மணியும் இருக்க, கொய்த கருவி இல்லை. இழையின் முதல் கேள்விக்கு இதைவிட நேரான எச்சரிக்கை கிடையாது: கருவி இல்லாததை விளைச்சல் இல்லாததற்குச் சான்றாக வைத்திருந்தால் அந்த 656 பாத்தியையும் நாம் மறுத்திருப்போம்.

கடற்காற்று:

அப்படியானால் தினை அதிகமுள்ள நாகானோ மலைப்பகுதியில்?

நுண்வடு:

இனா பள்ளத்தாக்கில் கடின மணற்கல்லில் செதுக்கிய கத்திகள் கிடைக்கின்றன, ஓரத்தில் பள்ளம் வெட்டியவை, விளிம்பு மட்டும் நீண்ட தட்டைச் செதில்கள். பார்க்க முரடாக, ஜோமோன் சாயலில் இருப்பதால் நீண்டகாலம் யாரும் அறுவடைக் கருவியாக எண்ணவில்லை. யாயோய் அடுக்கைச் சேர்ந்தவற்றின் விளிம்பில் ஏ வகைப் பளபளப்பு இருக்கிறது. மணற்கல்லில் பளபளப்பு தனித்தனிக் குவார்ட்ஸ் மணியின் முகட்டில் மட்டும் ஏறும், சனுகாய்ட் மாதிரித் தொடர்ச்சியாகப் படராது. அதனால் 100 மடங்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 200-க்குப் போய், ஒரு மணியின் முகட்டில் குவித்து, அடுத்த மணிக்கு நகர்ந்து, ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். ஒரு கத்திக்கு ஒரு நாள் முழுக்கப் போகும் வேலை. ஜோமோன் கடைசிக் கட்டத்துச் செதில்களை இதே பொறுமையோடு பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குக் கல்லின் பக்கத்திலிருந்து பதில் வரும். தினைத்தடம் உள்ள பானையோடு ஒரே வீட்டுத் தரையில் கிடைத்த செதில்களிலிருந்து தொடங்கலாம்.